மூலபாடமும் திரிபும்: எச்.ஐ.வி. சார்ந்த நிணநீர்ப்புற்றில் எதிர்ப்பொருள் மரபணு ஆய்வுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு வரும் நிணநீர்ப்புற்றின் செல்களில் உள்ள எதிர்ப்பொருள் மரபணுக்களை வாசித்து, அப்புற்று எச்செல்லிலிருந்து, எத்தூண்டுதலால் தோன்றியது என்று கூறும் ஆய்வுகள் 1990கள் முதல் வெளிவருகின்றன. இவ்வாய்வுகள் மூவகைக் கூற்றுகளை முன்வைக்கின்றன. கட்டி ஒரே செல்லின் வழிவந்ததா என்பது முதற்கூற்று. அதன் மரபணு எவ்வளவு மாறியுள்ளது என்பது இரண்டாவது. அம்மாற்றத்தை எப்பொருள் தேர்ந்தெடுத்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே உறுதியுடையவை அல்ல. மாற்றத்தை அளக்க உதவும் மூல வரிசையின் தகுதியைப் பொறுத்தே பின்னிரண்டின் தகுதியும் அமைகின்றது. அம்மூல வரிசை தமிழகத்து நோயாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்னும் வினாவைச் செங்கல்பட்டு வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றையும் மாமல்லபுரக் கல்வெட்டுச் சான்றுகளையும் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., நிணநீர்ப்புற்று, எதிர்ப்பொருள் மரபணு, குளோன், சடுதிமாற்றம், மூலபாடம், தாம்பரம், செங்கல்பட்டு

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அச்சோதனை தேடியது நச்சுயிரியை அன்று. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. ஆகவே இந்நாட்டில் எச்.ஐ.வி.யின் வரலாறு எதிர்ப்பொருளை வாசித்ததிலிருந்தே தொடங்குகின்றது.

அவ்வரலாற்றின் பெரும்பகுதி இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1928இல் மருத்துவர் சௌரி முத்துவால் காசநோய் இல்லமாகத் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியம், பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகி, 1990களில் நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நடுவண் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதற்கட்ட மையங்களுள் இதுவும் இடம்பெற்றது. காசநோய்க்கென எழுந்த மருத்துவமனை எச்.ஐ.வி.க்கும் இடமானது தற்செயலன்று. எச்.ஐ.வி. உடலின் காப்பைக் குலைக்கும்போது இந்நிலத்தில் முதலில் தலைதூக்குவது காசநோயே.

இங்குதான் நிணநீர்ப்புற்றின் சிக்கல் தொடங்குகின்றது. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோன்றும் வீக்கத்தை மக்கள் ‘நெறி கட்டுதல்’ என்பர். கழுத்தைச் சுற்றி வரிசையாக எழும் கட்டிகளைச் சித்த மருத்துவ மரபு ‘கண்டமாலை’ என்னும். இவ்வீக்கம் காசநோயாலும் வரலாம், நிணநீர்ப்புற்றாலும் வரலாம். காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவை இரண்டுக்கும் பொது. காசநோய் மிகுந்த நாட்டில் முதல் ஐயம் அதன்மேல் விழுவது இயல்பே. ஆயினும் புற்று நோயாளி ஒருவர் காசநோய் மருந்தைப் பல வாரங்கள் உட்கொண்டு காத்திருக்கும்போது அவர் இழப்பது விரைந்து வளரும் புற்றுக்கு எதிரான காலத்தை. எதிர்ப்பொருள் மரபணுவைச் சரியாக வாசிப்பது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

எதிர்ப்பொருள் மரபணு உருவாகும் முறை

எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல், அதற்கான மரபணுவைப் பெற்றோரிடமிருந்து முழு வடிவில் பெறுவதில்லை. கனச்சங்கிலிக்கான பகுதிகள் 14ஆம் குரோமோசோமில் வி, டி, ஜே என மூன்று தொகுதிகளாகக் கிடக்கின்றன. வளரும் ஒவ்வொரு பி செல்லும் தொகுதிக்கு ஒன்றாக எடுத்து ஒட்டித் தனக்கான மரபணுவை அமைத்துக்கொள்கின்றது. ஒட்டும் இடங்களில் சில எழுத்துகள் கூடுகின்றன, சில குறைகின்றன. எனவே இரு பி செல்கள் தனித்தனியே ஒரே வரிசையை அடைவது மிக அரிது. மரபணுத் துண்டுகள் இவ்வாறு இடம்மாறுவதை 1976இல் நிறுவிய சுசுமு டொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

இதன் பின் இரண்டாம் கட்டம் வருகின்றது. பி செல் தனக்குரிய அயற்பொருளைச் சந்தித்தபின் நிணநீர்க்கணுவின் முளைமையத்தில் பெருகும்போது, அதன் வி பகுதியில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகள் விளைவிக்கப்படுகின்றன. இதனைச் செய்யும் நொதியை 1999இல் தசுகு ஹோஞ்சோவின் குழுவினர் கண்டறிந்தனர். அயற்பொருளை இறுகப் பற்றும் திரிபுடைய செல் பிழைக்கின்றது, பற்றாதது மடிகின்றது.

இயல்பான எதிர்ப்பின் தன்மையை விளக்க மாமல்லபுரக் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, நஞ்சுமுறி மருந்து செய்வோருக்குச் செல்கின்றது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றும்போது அதன் உடலில் ஆயிரக்கணக்கான பி செல் வழிகள் கிளர்ந்து, நஞ்சின் வெவ்வேறு கூறுகளைப் பற்றும் பல்வேறு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. நஞ்சுமுறியின் வலிமை அப்பன்மையில் உள்ளது. நிணநீர்ப்புற்று இதற்கு நேர்மாறானது. ஒரே செல் தன் வழியை மட்டும் பெருக்கிக் கணுவை நிரப்பும் நிலை அது. பன்மைக்கும் ஒருமைக்கும் உள்ள இவ்வேறுபாட்டையே எதிர்ப்பொருள் மரபணுப் பகுப்பாய்வு முதலில் தேடுகின்றது.

‘குறைவு’ என்னும் பெயரின் குறை

எய்ட்ஸ் என்பதைத் தமிழில் ‘பெறப்பட்ட நோயெதிர்ப்புக் குறைவு நோய்த்தொகுப்பு’ என வழங்குவர். பெயர் பிழையன்று, ஆனால் நிணநீர்ப்புற்றை விளக்க அது போதாது. எச்.ஐ.வி. அழிப்பது உதவி டி செல்களை. பி செல்களை அது பெரும்பாலும் தொற்றுவதில்லை. மாறாக, ஓயாத தூண்டுதலால் பி செல்கள் மிகையாகக் கிளர்கின்றன. இரத்தத்தில் எதிர்ப்பொருள் புரதங்களின் அளவு உயர்கின்றது. ஒருபுறம் குறைவும் மறுபுறம் மிகையும் ஒரே உடலில் நிலவுகின்றன.

இம்மிகையே ஆபத்தின் ஊற்று. எழுத்துப் பிழை விளைவிக்கும் நொதி தொடர்ந்து செயற்படும்போது டி.என்.ஏ. தவறான இடத்தில் உடைந்து தவறான இடத்தில் ஒட்டக்கூடும். பர்க்கிட் நிணநீர்ப்புற்றில் 8ஆம் குரோமோசோமின் ‘மிக்’ மரபணு 14ஆம் குரோமோசோமின் எதிர்ப்பொருள் மரபணுவருகே வந்து சேர்வது இத்தகையது. எச்.ஐ.வி. சார்ந்த பர்க்கிட் புற்றில் இவ்வுடைப்பு பெரும்பாலும் எதிர்ப்பொருளின் வகுப்பு மாறும் பகுதியில் நிகழ்கின்றது. காக்கும் பணிக்கெனத் திறந்துவைத்த வாயில் வழியே கேடு நுழைவதை இது காட்டுகின்றது. எப்ஸ்டீன்–பார் நச்சுயிரியும் பல வகைக் கட்டிகளில் இதற்குத் துணைநிற்கின்றது. மிகு வீரியமுள்ள நிணநீர்ப்புற்று 1985இலேயே எய்ட்ஸைக் குறிக்கும் நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

எதிர்ப்பொருளை ஈழத்தமிழர் ‘பிறபொருளெதிரி’ என்பர். சொல்லாக்க நோக்கில் அழகிய சொல். எதிர்க்கப்படுவது எது என்பதையும் அது உணர்த்துகின்றது. ஆனால் எச்.ஐ.வி. சார்ந்த புற்றுகள் இச்சொல்லின் எல்லையையும் சோதிக்கின்றன. எய்ட்ஸ் சார்ந்த இரு பர்க்கிட் புற்றுகள் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், நோயாளியின் சிவப்பணுவிலேயே உள்ள ‘ஐ’ என்னும் சர்க்கரைக் கூறைப் பற்றுவதாக 1994இல் ‘பிளட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு எதிர்க்கப்பட்டது பிறபொருளன்று, தன்பொருள்.

முதற்கூற்று: ஒரே குளோனா?

கட்டியின் செல்கள் ஒரே வழியினவா என்பதை அறிய, வி, டி, ஜே இணைந்த பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி நீளத்தை ஒப்பிடுவர். காசநோயாலோ பிற தொற்றாலோ வீங்கிய கணுவில் வெவ்வேறு நீளங்கள் மணிவடிவில் பரவிக் கிடக்கும். புற்றுக்கணுவில் ஒரே நீளம் தனிமுகடாக எழும். ஐரோப்பிய ஆய்வகங்கள் கூட்டாக உருவாக்கி 2003இல் வெளியிட்ட ‘பயோமெட்-2’ நெறிமுறை இச்சோதனையைப் பொதுவழக்காக்கியது.

மூன்று கூற்றுகளுள் மிக வலியது இதுவே. இதற்கு மூல வரிசை தேவையில்லை. கட்டியை அதனோடே ஒப்பிட்டால் போதும். எனினும் இதற்கும் எல்லை உண்டு. மிகுதியாகத் திரிந்த மரபணுவில் பி.சி.ஆர். முன்தொடரிகள் ஒட்டாமல் போகலாம். அப்போது புற்று இருந்தும் முகடு தோன்றாது. எச்.ஐ.வி. தொற்றுடையோரின் கணுக்களில் புற்று இல்லாமலேயே சில குளோன்கள் ஓங்கி நிற்பதும் உண்டு. ஆதலால் திசுவை நுண்ணோக்கியில் கண்ட நோய்க்குறியியலாளரின் தீர்ப்போடு சேர்த்தே இச்சோதனையைக் கொள்ளவேண்டும். ஊசியால் உறிஞ்சிய சிறு மாதிரியைவிடக் கணுவை முழுமையாக எடுத்து ஆராய்வது இருவகை வாசிப்புக்கும் இடம் தருகின்றது.

இரண்டாம் கூற்று: எவ்வளவு மாறியுள்ளது?

புற்றின் வி வரிசையைப் பரம்பரை வரிசையோடு ஒப்பிட்டு வேறுபாடுகளை எண்ணுவர். வேறுபாடு 2 விழுக்காட்டிற்குக் குறைவாயின் ‘மாறாதது’, மிகுந்தால் ‘மாறியது’ என்பது வழக்கம். மாறியதாயின் அச்செல் முளைமையத்தைக் கடந்து வந்தது எனக் கொள்வர்.

இவ்வரம்பு எங்கிருந்து வந்தது என்பது கவனத்திற்குரியது. நாட்பட்ட நிணநீர்ச்செல் இரத்தப்புற்றில் நோயின் போக்கைக் கணிக்க 1999இல் பயன்படுத்தப்பட்ட அளவு இது. அங்கு அது நோயாளியின் வாழ்நாளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. எச்.ஐ.வி. சார்ந்த நிணநீர்ப்புற்று வேறு நோய். அதன் போக்கும் வேறு. ஒரு நோயில் சோதித்த அளவுகோலை மற்றொன்றிற்கு மாற்றும்போது எண் மாறாது நிற்கின்றது. அதன் பொருளோ மாறிவிடுகின்றது.

அடிப்படையான சிக்கல் இதனினும் ஆழமானது. வி பகுதி ஏறத்தாழ 290 எழுத்துகளைக் கொண்டது. அதில் 2 விழுக்காடு என்பது ஆறு எழுத்துகள். ஒரு நோயாளி பெற்றோரிடமிருந்து பெற்ற வி மரபணு, தரவுத்தளத்தில் உள்ள வடிவத்திலிருந்து நான்கு எழுத்துகள் வேறுபட்டிருந்தால், அந்நான்கும் அவருடைய புற்றின் சடுதிமாற்றங்களாக எண்ணப்படும். உண்மையில் இரண்டே மாற்றம் உடையது ஆறாகத் தோன்றும்; ‘மாறாதது’ ‘மாறியது’ எனப் பெயர்பெறும்.

மூலபாடச் சிக்கல்

தமிழ் ஆய்வாளருக்கு இது புதிய சிக்கலன்று. ஏட்டுச்சுவடி ஒன்றில் காணும் மாறுபட்ட சொல், படியெடுத்தோர் செய்த பிழையா, மற்றொரு பாட மரபின் சொல்லா என்பது பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட வினா. உ.வே. சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தது இவ்வினாவுக்கு விடை காணவே. ஒரே சுவடியைக் கொண்டு அவ்விடையைக் காண இயலாது.

மாமல்லபுரக் கல்வெட்டுகள் இந்நெறியைக் கண்முன் நிறுத்துகின்றன. கணேச இரதத்தில் உள்ள வடமொழிச் சுலோகங்கள் தருமராச மண்டபத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. இராமானுச மண்டபத்தில் அவற்றின் இறுதிச் சுலோகம் மட்டும் எஞ்சியுள்ளது. சற்று வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே சுலோகங்கள் இருவகை எழுத்தில் இடம்பெறுகின்றன. கடற்காற்றால் ஓரிடத்தில் தேய்ந்த எழுத்தை மற்றோரிடத்துப் படி மீட்டுத் தருகின்றது. இரண்டு படிகளிலும் ஒரே வடிவம் காணப்படின் அது கல்தச்சரின் பிழையன்று, மூலத்தின் இயல்பே எனத் துணியலாம். படிகள் பல இருப்பதாலேயே 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஸ் இவற்றை ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது.

எதிர்ப்பொருள் மரபணு ஆய்வில் இத்தகைய மூலபாடமாக உலகெங்கும் பயன்படுவது, 1989இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மரீ-போல் லெஃப்ராங்கு நிறுவிய ஐ.எம்.ஜி.டி. தரவுத்தளம். அதன் சேவை பெரிது. அதுவின்றி இத்துறையே இல்லை எனலாம். ஆனால் எதிர்ப்பொருள் மரபணுக்களின் அறியப்பட்ட அல்லீல் வடிவங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரின் மாதிரிகளிலிருந்து பெறப்பட்டவை. ஆப்பிரிக்க மக்களிடம் தேடியபோது பதிவாகாத வடிவங்கள் பல வெளிப்பட்டன. தெற்காசியரின் பங்கு இத்தொகுப்புகளில் இன்றும் மிகக் குறைவு. மனித மரபணுத்தொகுதியில் மிகுதியாக வேறுபடும் பகுதிகளுள் எதிர்ப்பொருள் மரபணுப் பகுதி ஒன்று என்பதையும் சேர்த்து நோக்கினால், தாம்பரத்து நோயாளியின் வரிசையை இத்தளத்தோடு மட்டும் ஒப்பிட்டு வரும் எண்ணில் எவ்வளவு புற்றின் திரிபு, எவ்வளவு குடும்பத்தின் மரபு எனப் பிரித்தறிய வழியில்லை.

மூன்றாம் கூற்று: எது தேர்ந்தெடுத்தது?

மாற்றங்களின் பரவலைக்கொண்டு அயற்பொருளின் கையை உய்த்துணர்வது மூன்றாம் கூற்று. அமினோ அமிலத்தை மாற்றும் திரிபுகள் பற்றும் பகுதியில் மிகுந்தும் சட்டகப் பகுதியில் குறைந்தும் காணப்படின், அச்செல்லை ஏதோ ஒரு பொருள் தேர்ந்து வளர்த்தது என முடிவு செய்வர்.

இம்முடிவு மூன்று இடங்களில் தளர்கின்றது. முதலாவது, எழுத்துப் பிழை விளைவிக்கும் நொதி எல்லா இடத்தையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. சில எழுத்துக் கோவைகளை விரும்பித் தாக்கும். அக்கோவைகள் பற்றும் பகுதியிலேயே மிகுதி. ஆகவே தேர்வு நிகழாமலேயே தேர்வின் தோற்றம் உண்டாகலாம். இரண்டாவது, இவ்வாய்வுகளில் பல சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மாற்றங்களும் சிலவே. சிலவற்றின் விகிதம் ஓரிரு எழுத்துகளால் புரண்டுவிடும். அவ்வோரிரு எழுத்துகள் பரம்பரை வேறுபாடுகளாயின் முடிவு முற்றிலும் வேறாகும்.

மூன்றாவது, ஒப்பீட்டுக்குரிய தளம். எச்.ஐ.வி.யின் ஜி.பி.120 புரதம் வி.எச்.3 குடும்ப எதிர்ப்பொருள்களோடு வழக்கமான பற்றிடத்திற்கு வெளியே இணையக்கூடும் என்று 1993இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு குழு காட்டியது. அதன்பின் புற்றுகளில் இக்குடும்பம் கூடியதா, குறைந்ததா என்ற வினா எழுந்தது. ஆனால் கூடுதலும் குறைவும் எதனோடு ஒப்பிட்டு? எச்.ஐ.வி. தொற்றே நலமான பி செல்களின் பரவலை மாற்றிவிடும். தொற்றில்லாத அயல்நாட்டவரோடு ஒப்பிடுவதால் புற்றின் இயல்பு தெரியாது. தொற்றுடைய, புற்றில்லாத, அதே நிலத்தவரே தகுந்த ஒப்பீட்டினர்.

இதற்கு மாறாக, முன்னர்ச் சுட்டிய 1994ஆம் ஆண்டு ஆய்வு தன் கூற்றை விகிதத்தோடு நிறுத்தவில்லை. புற்றுச் செல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் எதைப் பற்றுகின்றது என்பதை நேரடியாகச் சோதித்துக் காட்டியது. எழுத்தை எண்ணுவதற்கும் பொருளை உணர்வதற்கும் உள்ள தொலைவு அதுவே.

செங்கல்பட்டு தந்த முன்படிப்பினை

ஓரிடத்து அளவையை மற்றோரிடத்தில் சோதியாமல் ஏற்பதன் விளைவை அறிந்த நிலம் செங்கல்பட்டு. பிரிட்டனில் பி.சி.ஜி. தடுப்பூசி வளரிளம் பருவத்தினரைக் காசநோயிலிருந்து முக்கால் பங்குக்கும் மேலாகக் காத்தது. அதே ஊசி 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அங்கு அது காப்பளிக்கவில்லை. ஊசி பொய்யன்று, பிரிட்டனின் ஆய்வும் பொய்யன்று. ஓரிடத்து உண்மை மற்றோரிடத்தில் தானாக உண்மையாகிவிடாது என்பதே அச்சோதனை உலகுக்கு அளித்த செய்தி.

எதிர்ப்பொருள் மரபணு ஆய்வுக்கும் இச்செய்தி பொருந்தும். வழி அரிதன்று. நோயாளியின் கட்டியோடு அவருடைய உமிழ்நீரிலிருந்தோ கன்னத்து உட்புறச் செல்லிலிருந்தோ எடுத்த டி.என்.ஏ.வையும் வாசித்தால் அவருக்கே உரிய மூலபாடம் கிடைக்கும். ஒருவருடைய தொடர்பற்ற பல பி செல்களில் ஒரே இடத்தில் ஒரே வேறுபாடு காணப்படின் அது பரம்பரை வடிவமென உய்த்துணரலாம். பல சுவடிகளில் ஒன்றுபோலக் காணும் சொல்லை மூலத்தின் சொல்லெனக் கொள்ளும் அதே நெறி இது.

ஆனால் பரம்பரை வரிசை நோயாளியை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் குறிக்கும். எச்.ஐ.வி. என்னும் சொல்லே குடும்பங்களைப் பிரித்த நிலத்தில் இதனை எளிதாகக் கருதலாகாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், அறிந்து அளிக்கும் ஒப்புதலையும் மறைகாப்பையும் கட்டாயமாக்குகின்றது. எதற்காக உமிழ்நீர் கேட்கப்படுகின்றது என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டிய கடமை இங்கு எழுகின்றது. ‘எதிர்ப்பு’ என்னும் சொல்லைக் காப்பாகவே கேட்டுப் பழகியவரிடம், அதே எதிர்ப்பின் மரபணு புற்றின் அடையாளமாகவும் இருக்கின்றது என விளக்க அச்சொல் மட்டும் போதாது.

முடிவுரை

எச்.ஐ.வி. சார்ந்த நிணநீர்ப்புற்றில் எதிர்ப்பொருள் மரபணுவின் மூன்று வாசிப்புகளும் மூன்று தகுதியுடையன. ஒரே குளோனா என்பது கட்டியைக் கொண்டே அறியத்தக்கது. காசநோயையும் புற்றையும் பிரித்தறிய வேண்டிய மருத்துவமனைக்கு உடனடிப் பயன் தருவதும் இதுவே. எவ்வளவு மாறியுள்ளது என்பது மூலபாடம் சரியாயின் சரியாகும். எது தேர்ந்தெடுத்தது என்பதற்கு மூலபாடத்தோடு தகுந்த ஒப்பீட்டினரும் நேரடிச் சோதனையும் வேண்டும். இம்மூன்றையும் ஒரே உறுதியோடு கூறும் ஆய்வுகள், ஒற்றைச் சுவடியைக் கொண்டு செம்பதிப்பு வெளியிடுவோரின் பிழையைச் செய்கின்றன. தமிழகத்து நோயாளிகளின் பரம்பரை வரிசைகள் தொகுக்கப்படும்வரை, அவர்களுடைய புற்றில் காணும் ஒவ்வொரு வேறுபாட்டையும் ‘பாடபேதம்’ எனக் குறித்து வைப்பதே நேர்மை. ‘பிழை’ எனத் தீர்ப்பதற்கு வேறு படிகள் வேண்டும்.